சிவப்பு போன சீசன்

அக்கா,

இன்று பஸ்ஸில் நான் போட்ட தும்மலுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இலஞ்சி தாண்டி உங்கள் கடைக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்துக்காரர்கள் எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். என்னுடையது மட்டும் பாதியில் சிக்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. அந்தச் சந்து வழியாகச் சாரலோடு சேர்ந்து உங்கள் அடுப்படி வாசமும் உள்ளே வந்தது. தேங்காய் எண்ணெயில் மிளகாய் வத்தல் கருகப் போகிறதோ என்று பயமுறுத்துகிற அந்த வாசம். நான் தும்மிய தும்மலில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "வீட்ல கெடக்க வேண்டியதுதானவே" என்றார்.

வீட்டில் கிடக்க முடிந்தால் கிடக்க மாட்டேனா? இந்த வாரம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் பேனர் கடையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கை ஒன்றைச் செய்கிறது, மனசு வேறெங்கோ நிற்கிறது. ஒரு சடங்கு வீட்டு பேனரில் கண்ணீர் அஞ்சலிக்குப் போடுகிற கறுப்புக் கரையைப் போட்டு அடித்துவிட்டேன். பிள்ளையின் தாய்மாமன் வந்து பார்த்துவிட்டு என்னை அடிக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் அவருக்கும் அன்று அவசரம் என்பதுதான்.

காரணம் உங்கள் மகளின் போன். "மாமா, எண்ணெய் விசயம் கெடுபிடியாயிட்டு. ஒரு எண்ணெயவே திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாதாம். கருத்தா எடுத்துரணும், சேகரிக்க வாரவங்ககிட்ட குடுத்துரணும். கோழி ருசி மாறும். வியாழக்கிழமையிலேருந்து மாத்துதேன். நீங்க வந்து நிக்கணும்" என்றாள். நான் நின்று என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "அம்மா இருந்தா உங்களத்தான் கூப்புட்டு ஏசிக்கிட்டு நிப்பா. ஏசுததுக்கு ஒரு ஆள் வேணும்லா" என்றாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை இன்றுதான். கடைக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், போன மாதம் ஆலங்குளத்தில் ஒருவரைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன், சிவப்பு போன அந்த சீசனைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பொறுமையாகக் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது என் பேச்சை ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை, இப்போதாவது எழுந்து போகாமல் இருப்பீர்கள் என்கிற தைரியம்.

உங்கள் ஓட்டல் பொரித்த கோழியின் சிவப்பைப் பற்றி இந்த வட்டாரத்தில் புழங்கிய கதைகளுக்குக் கணக்கே இல்லை. செங்கோட்டைப் பக்கத்து மசாலா என்றார்கள். உங்கள் மாமியார் சாகும்போது காதில் சொன்ன பக்குவம் என்றார்கள். மாமியாருக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அருவியில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டு, தலையில் துண்டோடு வருகிறவன் கண்ணுக்கு இலையில் அந்தச் சிவப்பு விழுந்தால் போதும், பாதிப் பசி அங்கேயே ஆறும்.

எல்லாரையும்விட அதிகமாக அதைப் பரப்பியவர் ஏட்டையா. ஆலங்குளத்துக்காரர், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தவறாது வருவார், தனியாக மட்டும் வரமாட்டார். பழைய இன்ஸ்பெக்டர், பேங்க் மேனேஜர், மகன் பட்டாளத்திலிருந்து லீவில் கூட்டிவந்த வடக்கத்திப் பையன்கள் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு புதுத் தலையைக் கொண்டுவந்து மேஜையில் உட்காரவைப்பார். இலை விழுந்ததும் அவரே பேச ஆரம்பிப்பார்: "இது கலரு கிடையாது பாத்துக்கிடுங்க. வத்தல் நெறம். இந்தத் தங்கச்சி கையில மட்டும்தான் இந்த நெறம் வரும். நான் பொறுப்பு." நீங்கள் அடுப்படி வாசலில் நின்று சிரிப்பீர்கள். ஆமாம் என்றும் சொல்ல மாட்டீர்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டீர்கள். புகழ்கிறவர் வாயை யார்தான் மூடுவார்கள்.

அந்த வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஓட்டல்காரர்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நான் வந்தது வடைக்காக என்பதை மறைக்க விரும்பவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரி அம்மா மேடையில் நின்று பொறுமையாகச் சொன்னார்: பொரிக்கிற கோழியில் செயற்கை நிறம் கூடாது, இனிமேல் சோதனை கடுமையாக இருக்கும், யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், கலர் இல்லன்னா கோழி கும்பிட்டுக் கூப்புட்டாலும் ஒருத்தன் வரமாட்டான்" என்றார். மண்டபமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டீர்கள்: "ஏலே, அப்ப அது விசமாலே?"

"விசம்னா நாம இப்படி ஆட்டோல போய்ட்டு இருப்போமாக்கா?"

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லலே."

அதற்கப்புறம் வீடு வரும்வரை நீங்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாஸ்டர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். "அக்கா, சீசன் கழியட்டே. எல்லாரும் அப்படித்தான் பேசிட்டு போறாங்க" என்றார். அது உண்மைதான். மண்டபத்துப் படியில் இறங்கும்போதே எல்லா ஓட்டல்காரர்களும் அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். சாரல் காலத்துச் சம்பாத்தியம்தான் வருஷம் முழுக்கச் சோறு. அதில் கைவைக்க யாருக்கு மனசு வரும்? நீங்கள் நேராக உள்ளே போய் அந்தக் கலர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, சாக்கடையில் கவிழ்த்தீர்கள். கொஞ்ச நேரத்துக்கு இலஞ்சி ரோட்டுச் சாக்கடை கல்யாண வீட்டு ஆரத்தி மாதிரி ஓடியது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னமும் நேர்ச்சையாக்கா?" என்று கேட்டார்.

சரி, சட்டத்துக்குக் கட்டுப்பட்டாயிற்று. இனி வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? இங்கேதான் நான் உள்ளே வந்தேன். ஊரில் சாவு, கல்யாணம், பிறந்தநாள், கட்சி, காதுகுத்து எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிக் காட்டுகிறவன் நான். உங்களுக்காக உட்கார்ந்து யோசித்து ஒன்று எழுதிக் கொண்டுவந்தேன்: 'புதிய பொலிவுடன், புதிய சுவையில், இயற்கை நிறத்தில்.'

"புதிய சுவை எங்கேருந்துலே வந்துச்சு? அதே சுவைதான. பொய் எழுதாத."

"சரி, இயற்கை நிறத்தில்னு மட்டும் போடுவோம்."

"அப்ப இதுக்கு முன்னாடி?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இரண்டாவதை எழுதினேன்: 'அரசு உத்தரவுப்படி இன்று முதல் உணவில் நிறம் சேர்க்கப்படுவதில்லை.' அத்தானுக்கு அது பிடித்துப்போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வாயைத் திறப்பதே அபூர்வம், அன்றைக்குத் திறந்து, "இது நல்லாருக்கு. கேக்குறவன் கவர்மெண்ட்ட போய்க் கேக்கட்டும்" என்றார். உங்களுக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் கட்டச் சொன்னீர்கள்.

அக்கா, அந்த போர்டு செய்த காரியத்தை எந்த எதிரியும் செய்திருக்க மாட்டான். நம்மூரில் 'அரசு உத்தரவுப்படி' என்று ஒரு கடை வாசலில் எழுதியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ரெய்டு வந்துவிட்டது. தென்காசி மார்க்கெட்டில் உங்கள் கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. இலஞ்சியில் செங்கல் பொடி பிடிபட்டது என்று பேச்சு. குற்றாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்களை ஜீப்பில் ஏற்றியே விட்டார்கள். நீங்கள் காய்கறிக் கடையில் நின்று வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெண், உங்களைத் தெரியாமல், உங்களிடமே சொன்னாள்: "செவத்த கோழிக்காரிய போலீஸ் கொண்டுபோயிட்டாம்லா, கேள்விப்பட்டீயளா?"

நீங்கள் அசரவில்லை. "ஆமா. இப்பத்தான் விட்டாவ. வெண்டைக்கா வாங்க வந்தேன்" என்றீர்கள். அவள் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று நீங்கள் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இப்ப அந்த போர்ட அவுருலே" என்றீர்கள்.

அவிழ்த்தேன். மறுநாள் பார்த்தால் அதைத் திருப்பிப் போட்டு விறகு நனையாமல் மூடியிருந்தீர்கள். நான் எழுதியவற்றில் உருப்படியாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை வேறு எந்த ஓட்டல்காரரும் செய்து நான் பார்த்ததில்லை. வாசலில் போய் நின்றீர்கள். வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள், உட்காருவதற்குள், இலை போடுவதற்குள், முதலில் உங்கள் வாயால் சொன்னீர்கள்: "கோழி இனிமே செவப்பா இருக்காது. கலர் போடுததில்ல. கருப்பாத்தான் இருக்கும். பரவாயில்லன்னா உக்காருங்க."

"உள்ள வந்து உக்காந்த பெறகு மெதுவா சொல்லலாமேக்கா?" என்று நான் கேட்டதற்கு, "எலை போட்ட பெறகு சொன்னா அவன் எந்திரிக்க வெக்கப்படுவான். அந்த வெக்கத்துல நான் வியாபாரம் பண்ணணுமாலே?" என்றீர்கள்.

ஏற்கெனவே பாதி ஊர் எதிர்க்கடைக்குப் போயிருந்தது. அங்கே கோழி முன்னைவிடச் சிவந்து ஜொலித்தது. மீதி வந்தவர்களையும் நீங்கள் வாசலிலேயே மிரட்டினீர்கள். மதுரையிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர் நீங்கள் சொன்னதைக் கைகட்டிக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதும்மா. எங்களுக்குத் தயிர்சாதம் போதும், இன்னைக்குக் கிருத்திகை" என்றார். அதையெல்லாம் பார்த்து நான் சிரித்தேன். ஆனால் காலி மேஜைகளை மாஸ்டர் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை. சுத்தமான மேஜையைத் துடைக்கிற சத்தம் ஒரு ஓட்டலில் கேட்கக் கூடாத சத்தம்.

இத்தனையும் ஒரே வாரத்துக்குள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஏட்டையா வந்தார். வேஷ்டி சட்டை மடிப்புக் கலையாமல், முகம் நிறையச் சிரிப்போடு வந்தார். கூடவே கீழப்பாவூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. ஏட்டையா மகளைப் பெண் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அவர்கள் காரிலிருந்து இறங்குவதற்குள்ளேயே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அது என் தொழில். நீங்கள் வழக்கம்போல வாசலில் நின்று சொன்னீர்கள்: "அண்ணாச்சி, கோழி முன்ன மாதிரி செவப்பா இருக்காது. கலர நிப்பாட்டியாச்சு."

ஏட்டையா சிரிப்பை விடாமல், வந்தவர்கள் பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டு கேட்டார்: "மத்த கடைக்காரன் நிப்பாட்டணும், சரி. நீ எதுக்கு நிப்பாட்டணும்? நீதான் எப்பயுமே போட்டது கிடையாதே. சொல்லு தங்கச்சி, இவங்களுக்குத் தெரியட்டும்."

நான் கல்லா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் பேனாவைக் கீழே வைத்தார். 'அதான அண்ணாச்சி' என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் போதும். பொய்யாகக்கூட ஆகியிருக்காது, சும்மா ஒரு பேச்சாகப் போயிருக்கும்.

"போட்டேன் அண்ணாச்சி" என்றீர்கள். "தப்புன்னு தெரியாது. தெரிஞ்சிக்கிடணும்னு தோணவும் இல்ல. செவப்பா இருந்தா எல்லாரும் வாரீய, அதான் போட்டேன். எம்பிள்ளைக்கும் அதத்தான் போட்டுக் குடுத்தேன்."

ஏட்டையா திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஏட்டையா இலையில் பாதி அப்படியே இருந்தது. கையைக் கழுவிவிட்டு உங்களைப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அத்தான் அடுப்படிக்கு வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "சீசன் முடியுற வரைக்கும் ஒரு சிட்டிகை போட்டா என்ன? அந்தம்மா தெனமுமா வரப்போவுது?"

"ஆபீசர் வந்தா பாத்துக்கிடலாம்ங்க. அவுகளுக்குச் சட்டம் தெரியும், நமக்கும் தெரியும், பேசித் தீத்துக்கிடலாம். நான் வாசல்ல நின்னு அத்தன பேருகிட்ட போடலன்னு சொல்லிட்டேன்லா. இனி போட்டா, அவன் கைய நக்கிட்டு 'ருசியா இருக்குக்கா'ன்னு சொல்லும்போது நான் எங்கன போய் மூஞ்சிய வச்சிக்கிடுவேன்?"

அந்த சீசன் மோசமாகத்தான் போனது. அதை இப்போது இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன். இலை போட்டுக்கொண்டிருந்த மாஸ்டரின் தம்பியைத் தொடர்ந்து வேலைக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த வருஷம் கொஞ்சம் பேர் வந்தார்கள், அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். பிறகு சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கக் கூடாது என்று வந்தது. அப்போதும் நீங்கள் வாசலில் நின்று, "நாளையிலேருந்து பை கிடையாது, தூக்குவாளி கொண்டுவாங்க" என்று முந்தின நாளே சொன்னீர்கள். மறந்தவர்களுக்கு உங்கள் வீட்டுத் தூக்குவாளிகளைக் கொடுத்துவிட்டீர்கள். அவற்றில் ஒன்று இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி தர மாட்டாள், நான் கேட்கவும் மாட்டேன். சட்டங்கள் வந்தன, மாறின, மறுபடி மாறின. உங்களுக்கு அதில் பெரிய பயமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், யார் கார் திரும்பினாலும், கையில் கரண்டியோடு எட்டிப் பார்ப்பீர்கள். "ஆலங்குளத்துப் பக்கம் போனியாலே?" என்று என்னிடம் சாதாரணமாகக் கேட்பீர்கள். போனேன் என்றால், அதற்கு மேல் கேட்க மாட்டீர்கள்.

நான் என் பங்குக்கு ஏட்டையாவைப் பற்றி ஊரெல்லாம் ஒரு தீர்ப்பைப் பரப்பிவைத்திருந்தேன்: மனுஷனுக்குச் சிவப்புதான் பிடித்தது, உண்மை பிடிக்கவில்லை, இப்போது எதிர்க்கடையில் ஒளிந்து தின்கிறார். நீங்கள் அதை நம்பினீர்களோ என்னவோ, மறுத்ததில்லை. நீங்கள் போன பிறகு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்த கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடினேன். இல்லை. தீர்ப்பை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு கல்யாண போர்டு கட்ட ஆலங்குளம் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார், முழங்காலில் கட்டு. விழுந்துவிட்டாராம், மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். உங்கள் காரியத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு அதுவே பதிலாக இருந்தது. என் தீர்ப்பில் ஒரு பல் அங்கேயே விழுந்தது. சும்மா இருக்க வாய் விடுமா?

"ஏட்டையா, கலர் போட்டேன்னு ஒரு பொம்பள நேருக்கு நேர் உண்மையச் சொன்னதுக்கா இத்தன வருசக் கோவம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரெக்கார்டில் இருக்கிற ஆள்தானா இவன் என்று பார்க்கிற பழைய பார்வை.

"கலரு எனக்கு ஒரு விசயமேயில்லவே. ஸ்டேசன்ல இருக்கும்போது என்னென்னத்தையோ தின்னு வளந்த ஒடம்பு இது. அன்னைக்கு எங்கூட யாரு வந்தா?"

"உங்க சம்பந்தி."

"அன்னைக்கு சம்பந்தி இல்லவே. ஆகலாமா வேண்டாமான்னு பாக்க வந்தவரு. கீழப்பாவூர்லேருந்து வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வாரேன், கலரே கிடையாது, நான் பொறுப்புன்னு. வாசல்ல நிக்கவச்சு 'போட்டேன்'ங்கா. அந்த மனுசன் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. மகளப் பத்தி சொன்னதும் இப்படித்தானோன்னு ஒரு பார்வை. எனக்கு எப்படி இருக்கும்?"

"கல்யாணம் நடந்துச்சே."

"நடந்துது. நல்லாத்தான் இருக்காவ. ஆனா இன்னைக்கும் நான் ஒரு டாக்டர் பேரச் சொன்னாக்கூட, 'வத்தல் நெறம்தானா சம்பந்தி'ன்னு கேட்டுச் சிரிக்காரு. நானும் சேந்து சிரிக்கணும்." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "அவ சொன்னது தப்பில்ல. யாருகிட்ட எப்பச் சொல்லணும்னு பாக்கலியே. நான் கொண்டுவந்து விட்ட ஆளு எத்தன பேரு. முந்தின நாள் எனக்கு ஒரு போன் போட்டு, 'அண்ணாச்சி, இனிமே அப்படிச் சொல்லாதீங்க'ன்னு சொல்லிருந்தா, நானே அத்தன பேருகிட்டயும் சொல்லிருப்பேன்லா. ஆபீசருக்குத் தெரியுது, மாஸ்டருக்குத் தெரியுது, போர்டு கட்டுத உமக்குத் தெரியுது. எனக்குத்தான் கடைசி."

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒருநாள் போயி நல்லா நாலு வார்த்த கேட்டுட்டு, ஒரு பிளேட் தின்னுட்டு வரணும்னுதான் இருந்தேன். இந்தக் கால் ஒடிஞ்சுது. அதுக்குள்ள அவ போய்ட்டா. அவமேல எனக்கு ஒண்ணும் இல்லவே. அவளுக்கு அது தெரியாது, அதுதான்."

என் உட்கார முடியாத கதை உண்மையில் அன்றைக்கே தொடங்கிவிட்டது அக்கா, மகளின் போன் அதைக் கிளறிவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் வாசலில் நின்றதைப் பெரிதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வாசல் வரைதான் கடை என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். உங்கள் கடை அதற்கு வெளியே எங்கெங்கோ இருந்திருக்கிறது: ஆலங்குளத்தில், கீழப்பாவூரில், பட்டாளத்து ரயில் பெட்டியில், ஏட்டையா வாய் திறந்த இடத்திலெல்லாம். சட்டம் மாறும்போது கடைக்காரர் அதிகாரியிடம் போய்க் கேட்கிறார், வக்கீலிடம் கேட்கிறார், போர்டுக்காரனான என்னிடம்கூட வந்து கேட்கிறார். தனக்காக ஊரில் வாக்குக் கொடுத்துக்கொண்டு திரிகிறவரிடம் யாரும் போவதில்லை. மாற்றம் அவர் தலையில் எல்லார் முன்னாலும் விழுகிறது. உங்களிடம் ஒளிவுமறைவு ஒரு துளி இல்லை, ஆனாலும் விழுந்தது. அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. பொய் சொல்லி இழந்திருந்தால் ஒரு நியாயம் உண்டு.

இதை உங்கள் மகளிடம் சொன்னேன். என் வாயில் நிற்காது என்று உங்களுக்குத் தெரியுமே. எண்ணெய் மாற்றுவது என்று முடிவானதும் என்னிடம் போர்டு எதுவும் கேட்கவில்லை. அடிக்கடி ஆட்களைக் கூட்டி வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். கல்லூரி வாத்தியார் ஒருவர், வேன் டிரைவர்கள், இலஞ்சி கோயிலுக்கு வருஷா வருஷம் பஸ் பிடித்து வருகிற ஒரு குழுத் தலைவர். "வியாழக்கிழமையிலேருந்து ருசி கொஞ்சம் லேசா இருக்கும். எண்ணெய் கருக விடுததில்ல. நீங்க யாரையும் கூட்டிட்டு வாறதுக்கு முன்னால ஒருதரம் தனியா வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். ஆலங்குளத்துக்கு மட்டும் போன் போடவில்லை, நேரில் போனாள். ஏட்டையா கேட்டுவிட்டு, "சரி" என்றாராம்.

இன்று நான் போனபோது கடையில் பாதிக் கூட்டம். உங்கள் மகள் உங்களை மாதிரியே வாசலில் நிற்கிறாள், உங்களைவிடக் கொஞ்சம் மெதுவான குரலில் சொல்கிறாள். ஒரு பையன் சாப்பிட்டுவிட்டு, "பழைய காரம் இல்லியேக்கா" என்று முகத்தைச் சுளித்தான். "ஆமா, இருக்காது" என்றாள். அவன் மறுபடி வருவானா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அத்தான் கல்லாவில் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மதியம் தாண்டி, இனி வரமாட்டார் என்று நான் முடிவு செய்த பிறகு, ஒரு ஆட்டோவிலிருந்து ஏட்டையா இறங்கினார். கம்பு ஊன்றிக்கொண்டு, தனியாக. உங்கள் மகள் இலையைப் போட்டாள். அவர் சாப்பிட்டார். அவசரமில்லாமல், ஒவ்வொரு துண்டாக, கேஸ் விசாரிக்கிற மாதிரி. நான் எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை கூச்சமில்லாத ஜென்மம். இலையில் எலும்பு தவிர எதுவும் மிஞ்சவில்லை. கை கழுவ எழுந்தவருக்கு நான் தோள் கொடுத்தேன்.

"எப்படி ஏட்டையா?"

"முந்தி மாதிரி இல்ல. ஆனா கெடுதலும் இல்ல."

"அப்ப வாற ஞாயித்துக்கெழம சம்பந்தியையும் கூட்டிட்டு வாருங்க."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, வாசலில் நின்றிருந்த உங்கள் மகளை ஒருமுறை பார்த்தார். "மொதல்ல நான் ஒரு நாலஞ்சு தரம் வந்து தின்னு பாக்கேன்வே. பெறகு பாப்போம்" என்றார்.

அவர் ஆட்டோ போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உங்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதை உங்களிடம் சொல்லியாயிற்று. ஆனால் நீங்கள் 'போடா மூதி, இத இப்பத்தான் சொல்லுதியா' என்று ஒரு வார்த்தை ஏசாமல் அதை நான் எங்கே இறக்கிவைப்பது?